பேயே வராத பயம்: 'ரெபெக்கா' படித்த அனுபவம்

பேய்க்கதை என்றாலே காத தூரம் ஓடுகிற ஆள் நான். டாஃப்னே டு மாரியர் 1938இல் எழுதிய 'ரெபெக்கா'வையும் அதனால்தான் பல வருஷம் தொடவில்லை. போன ஐப்பசி மழையில் எடுத்தேன். பேய் ஒன்றுகூட வரவில்லை. ஆனாலும் ராத்திரி ஆசாரத்தை (எங்கள் பக்கம் கூடத்தை அப்படிச் சொல்வோம்) தாண்டித் தண்ணீர் குடிக்கப் போக யோசனையாக இருந்தது.

மனைவியை இழந்த பணக்காரரைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் மாண்டர்லி என்ற மாளிகைக்கு வருகிறாள். கதையைச் சொல்வதே அவள்தான். கடைசிவரை அவள் பெயர் நமக்குத் தெரியாது. செத்துப்போனவள் பெயரோ அட்டையிலேயே இருக்கிறது. மாட்டிக்கொண்ட மழைக்கோட்டின் பையில் அவள் கைக்குட்டை, எழுத உட்கார்ந்த மேசையில் அவள் கையெழுத்து. வீட்டைக் கவனித்துக்கொள்ளும் மிசஸ் டான்வர்ஸின் மரியாதையே நடுங்க வைக்கும்.

நான் தாராபுரம் பக்கம் ஒரு தொட்டிக்கட்டு வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அத்தை இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வேலைக்கு இருந்த பாட்டி திட்டவெல்லாம் மாட்டார். "பெரியம்மா தூக்குப்போசிய இங்க வெக்க மாட்டாங்க அம்மிணி" என்று எடுத்து மாற்றி வைப்பார், அவ்வளவுதான். டான்வர்ஸ் வந்த பக்கமெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது. (பாட்டி நல்லவர், பாவம்.)

மாளிகைக்குப் போகும் வழியில் ரோடோடென்ட்ரான் பூக்கள் ரத்தச் சிவப்பில் மதில்போல நிற்கும். ஊட்டியில் பார்க்கிற காட்டுப்பூவரசு அந்த இனம்தான். பூவைப் பார்த்துப் பயப்பட முடியும் என்று இதில்தான் தெரிந்துகொண்டேன்.

மான்டி கார்லோவில் நடக்கும் ஆரம்பம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1940இல் வந்த படத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள்; அக்காலத் தணிக்கை விதிகளுக்காக முக்கியமான ஒன்றை மாற்றிவிட்டார்கள்.

சோமனூர்க்காரர்:
அக்கா, நமக்கு 'டிராகுலா'ங்க. டைரியும் கடிதமுமாகவே போகிற 1897 நாவல். ராத்திரி ஷிஃப்டில் தறிக்குடோனில் உட்கார்ந்து படித்தேன். தறிச் சத்தத்தில் பயமே வரவில்லை. டிராகுலா பிரபுவின் கோட்டைக்குள் விருந்தாளியாக வந்த ஹார்க்கர் சவரம் செய்கிறான், பின்னால் வந்து நின்ற பிரபு கண்ணாடியில் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. அத்தனை தறியும் ஒரேயடியாக நின்றால் எப்படி இருக்கும்! ஓனர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். நான் போட்ட சத்தத்தில் அவர்தான் பயந்துபோனார்.

தாராபுரம் அக்கா:
மீதியைப் படித்தீர்களா தம்பி?

சோமனூர்க்காரர்:
பகல் ஷிஃப்டுக்கு மாறின அப்புறம்தானுங்க.