அமைப்பு மாதிரிகள் மேலாண்மை மாணவர்களுக்கு உத்தியைக் கற்பிக்குமா?

வைகறை:
எம்.பி.ஏ. வகுப்பில் உத்தி என்ற பெயரில் நடப்பது, நடந்து முடிந்ததற்குப் பின்னால் இருந்து காரணம் சொல்லும் பயிற்சிதான். அமைப்பு மாதிரி, அதாவது ஒரு நிறுவனத்தின் பகுதிகள் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதைக் காலப்போக்கில் ஓட்டிப் பார்க்கும் மாதிரி, அப்படிப்பட்டதன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், இத்துறையைத் தொடங்கிய ஜே ஃபாரஸ்டரின் குழுவில் பிறந்த பீர் விளையாட்டைப் பாருங்கள். சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நால்வர், ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் பீர் கேட்டு வாங்கும்படி ஆடுகிறார்கள். வாடிக்கையாளரின் தேவை வாரத்துக்கு 4 பெட்டிகளிலிருந்து ஒரே ஒருமுறை 8 ஆக உயர்ந்து, பிறகு அசையாமல் நிற்கிறது. அதற்கே ஆலையில் ஆர்டர்கள் குவிந்து, பின்பு சரக்கு மலையாகத் தேங்குகிறது. கேட்டுவிட்டு இன்னும் வந்து சேராத சரக்கை எவரும் கணக்கில் கொள்ளாததே காரணம். ஆடியவர்களோ வாடிக்கையாளரைக் குறை சொல்வார்கள்.

கடைத்தெரு:
நல்ல பாடம்தான், ஆனால் அது சரக்கு மேலாண்மைப் பாடம். போட்டியாளர் இல்லாத, விலையை மாற்ற முடியாத இடத்தில் உத்திக்கு என்ன வேலை?

வைகறை:
அப்படியானால் பீப்பிள் எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் பறக்கத் தொடங்கிய அந்த மலிவுக் கட்டண விமான நிறுவனம் 1987இல் காண்டினென்டலில் கரைந்தது. எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் அதை வைத்து உருவாக்கிய கணினிப் பயிற்சியில் கட்டணம், விமானக் கொள்முதல், ஆள்சேர்ப்பு எல்லாம் மாணவர் கையில். விமானங்கள் பெருகும் வேகத்துக்குத் தேர்ந்த ஊழியர்கள் உருவாகாததால் சேவை சரிந்து பயணிகள் விலகுவதை அவர்கள் தாங்களே நிகழ்த்திப் பார்க்கிறார்கள்.

கடைத்தெரு:
1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்ன செய்தது என்பதையும் சொல்லுங்கள். முன்கூட்டியே பதிவு செய்பவருக்கு மட்டும் குறைந்த கட்டணம், கடைசி நேரப் பயணிக்கு முழுக் கட்டணம் என்று கணினியின் துணையோடு இருக்கைகளைப் பிரித்து, பீப்பிளின் ஒரே ஆயுதமான மலிவுக் கட்டணத்தை மழுக்கியது. எது மாதிரிக்குள் வரவேண்டும், எது வெளியே நிற்கவேண்டும் என்பதே உத்தியின் முதல் கேள்வி. ஆயத்த மாதிரியில் அதை ஆசிரியரே முடிவு செய்துவிடுகிறார். மாணவர் வெற்றி தரும் எண்களைத்தான் தேடுகிறார்.

நெய்தல்:
கற்பிப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஃபாரஸ்டர் மென்பொருளோடு தொடங்கவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் கென்டக்கி ஆலைகளில் ஒரு காலம் கூடுதல் ஷிஃப்ட், சில ஆண்டுகளில் பாதிப் பேருக்கு ஆட்குறைப்பு என்ற ஏற்றத்தாழ்வுக்கு நிர்வாகிகள் வணிகச் சுழற்சியைக் காட்டியபோது, அவர்களுடைய ஆர்டர், ஆள்சேர்ப்பு விதிகளே அதை உண்டாக்கப் போதுமானவை என்று பென்சிலும் காகிதமும் கொண்டு காட்டினார். வெற்றுத் தாளில் மாணவரையே மாதிரியை வரையச் சொன்னால் கடைத்தெரு ஐயா எழுப்பும் எல்லைக் கேள்வி தானாக வந்துவிடும்.

கடைத்தெரு:
தானாக வராது, அம்மா. போட்டியாளரை விட்டுவிட்டு வரைந்த மாதிரியும் பிழையில்லாமல் ஓடும். அழகான வரைபடமும் தரும். விடுபட்டதைக் கேட்க, அந்தத் தொழிலை அறிந்த ஒருவர் வகுப்பில் இருக்கவேண்டும். அவருக்குப் பாடத்திட்டத்தில் இடம் ஒதுக்குங்கள், நானும் உங்கள் பக்கம் வருகிறேன்.