மேடையில வைச்சுத் தாற காசை வாங்கலாமோ?

கேள்வி: வன்னிப்பிள்ளை

வணக்கம். முல்லைத்தீவுப் பக்கம் நான். யாழ்ப்பாணக் கம்பஸுக்கு முகாமைத்துவம் கிடைச்சிருக்கு. அப்பா 2009 மாசியில ஷெல் பட்டுச் செத்தவர், எனக்கு அப்ப மூண்டு வயசு. அம்மா தைச்சுத்தான் படிப்பிச்சவ. கம்பஸ் பிள்ளையளுக்கு மாதாமாதம் தாற மஹாபொல உதவித்தொகைக்கு விண்ணப்பிச்சாச்சு, முடிவு இனித்தான். கம்பஸுக்குப் பக்கத்தில, திருநெல்வேலியில வாடகைக்குப் பார்த்த போடிங் அறைக்கு ரெண்டு மாத முற்பணம் வேணுமாம்.

வெளிநாட்டு அமைப்பொண்டு மாதம் 10,000 ரூபா தாறன் எண்டுது. ஆனா மண்டபத்தில நிகழ்ச்சி வைச்சு, பெரிய மட்டைச் செக்கோட படம் எடுத்து, அப்பா செத்த கதையை நான் மேடையில சொல்லோணுமாம். அது ஃபேஸ்புக்கிலயும் போகுமாம். அம்மா சங்கிலியை அடகு வைக்கிறன், அங்க போகாதை எண்டுறா. என்ன செய்ய?

பதில்: கரவெட்டியான்

வாங்குங்கோ தங்கச்சி. படத்தை நாலு நாளில எல்லாரும் மறந்திடுவினம். நாலு வருசப் படிப்பு பெரிசு.

பதில்: செட்டிகுளம்

கரவெட்டி அண்ணை, நீங்கள் நல்லதுக்குத்தான் சொல்லுறியள். ஆனா நான் அந்த மேடையில நிண்டவள்.

2009 ஆவணியில, யுத்தத்தில இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த மெனிக்பாம் முகாமுக்குள்ள இருந்துதான் ஏ.எல் எழுதினனான். கம்பஸுக்கு வந்த முதல் வருசம் இப்பிடி ஒரு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டவை. பதினாலு பேர் வரிசையில நிண்டம். கவரை ரெண்டு கையாலயும் பிடிக்கச் சொல்லிப்போட்டு, கமராக்காரர் எனக்கு மட்டும், "பிள்ளை, சிரிக்காதேங்கோ" எண்டார். கவருக்குள்ள 5,000 ரூபா. மூண்டு மாதம் வந்தது, பிறகு நிண்டுபோச்சு. படம் நிக்கேல்லை. அடுத்த வருசம் பட்ச்மேட் ஒருத்தி போனில காட்டினாள். கீழ என்ர அப்பான்ர பேரும் அவர் விழுந்த இடமும் எழுதியிருந்தது. அதை நான் என்ர அறைத்தோழிக்கே சொன்னதில்லை. ரெண்டு கிழமை கன்ரீன் பக்கம் போகேல்லை.

அப்ப மஹாபொல 2,500 ரூபா. போடிங்குக்கும் பாணுக்கும் பருப்புக்கும் சரி. ஆனா அந்தக் காசு என்ர வங்கிப் புத்தகத்தில ஒரு வரியாத்தான் விழும். ஆரும் கை தட்டினதில்லை. 1981இல அப்ப மந்திரியா இருந்த லலித் அத்துலத்முதலி தொடக்கின நிதியம் அது, லொத்தர் வருமானமும் அதுக்குள்ள போகுது. பஸ் ஸ்ராண்டில லொத்தர் வாங்குற ஆளின்ர காசும் அதில கிடக்கு எண்டு நினைச்சா எனக்கு இப்பவும் மனம் இளகும். கல்வி மந்திரி கன்னங்கராவின்ர காலத்தில, 1945இல, இலவசக் கல்வி எண்டு வந்ததும் அப்பிடித்தான். அது உங்கட உரித்து, ஆருக்கும் கும்பிடத் தேவையில்லை. 2025 பட்ஜெட்டில மாத மஹாபொலவை 5,000இல இருந்து 7,500 ஆக்கினவை, முடிவு வரும்வரைக்கும்தான் உங்களுக்கு இறுக்கம்.

அந்த அமைப்பை எடுத்தெறிஞ்சு கதைக்காதேங்கோ. அங்க கோப்பை கழுவி, குளிருக்குள்ள நிண்டு உழைச்ச காசும் அதில இருக்கும். குடுத்தது போய்ச் சேர்ந்ததோ எண்டு அவைக்கும் தெரியத்தானே வேணும். எழுதிக் கேளுங்கோ: காசு வங்கிக்கு வரட்டும், படமும் மேடையும் வேண்டாம், ஒவ்வொரு செமஸ்டரும் பெறுபேற்றுப் பிரதி அனுப்புறன், எத்தினை மாதம் தருவியள் எண்டதைக் கடிதத்தில தாங்கோ. எங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவர் கனடாவில இருந்து பிறகு எனக்கு அப்பிடித்தான் அனுப்பினவை, கடைசி வருசம் முடியும்வரைக்கும். அவையின்ர முகத்தை நான் இண்டைவரைக்கும் காணேல்லை, என்ர மார்க்ஸ் எல்லாம் அவைக்குத் தெரியும். மறுத்தா விடுங்கோ. அப்பான்ர சாவை எங்க, ஆருக்குச் சொல்லுறது எண்டது உங்கட முடிவு, பிள்ளை.

பதில்: ஜாம்போத்தல்

நான் 93இல கம்பஸில. பொருளாதாரத் தடை, கரண்ட் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில படிச்சம். ஒருத்தரிட்டயும் காசில்லை, அதால ஆர் ஏழை எண்டு தெரியேல்லை. யுத்தம் முடிஞ்சு யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 ரோட்டு திறந்த பிறகு பாங்கும் லீசிங்கும் வரிசையா வந்தது. வெளிநாட்டுக் காசு வாற வீட்டுப் பிள்ளை மோட்டச்சைக்கிளில, வன்னிப் பிள்ளை பஸ்ஸில. அந்த இடைவெளி எங்களுக்குப் புதுசு.

ஒண்டு மட்டும் கேளுங்கோ மகள். சங்கிலியை அடகு வைக்கிறதெண்டா பாங்கில வைக்கட்டும். அம்மாவைக் குறூப் லோன் எண்டு பெண்களுக்குக் குடுக்கிற நுண்கடனுக்குப் போக விடாதேங்கோ. கிழமைக்குக் கிழமை வாசலில வந்து நிப்பினம். 2018இல வரட்சி மாவட்டப் பெண்களின்ர ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது எண்டா நிலைமையை யோசியுங்கோ.

வன்னிப்பிள்ளை

எல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். "சிரிக்காதேங்கோ" எண்ட இடத்தில மெசினை நிப்பாட்டிப்போட்டா. செட்டிகுளம் அக்கா சொன்னமாதிரிக் கடிதம் எழுதிட்டன், காலமை அனுப்புறன். போடிங் அன்ரி ஒரு மாத முற்பணத்துக்கு ஓமெண்டிட்டா.