ஒத்திகைக்குத் தாமதமாக வரும் மூத்த நடிகரை மேடை மேலாளர் எப்படி அணுகுவது?

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்):
எங்கள் நாடகக் குழுவில் நான் மேடை மேலாளர். முதன்மை வேடம் ஏற்றுள்ள ஐயா ஒருவர் ஒத்திகைக்குத் தாமதமாக வருவதோடு, இயக்குநர் முடிவுசெய்த நகர்வுகளையும் தம் விருப்பப்படி மாற்றிவிடுகிறார். வயதில் மூத்தவரிடம் மரியாதை குறையாமல் இதை எப்படிச் சொல்வது?

பதில் (பினாங்கு):
அனைவர் முன்னிலையிலும் சொல்லாதீர்கள், தம்பி. தனியே சந்தித்து, அவர் இடம் மாறி நிற்கும்போது விளக்கொளி அவர் முகத்தில் விழாமல் போவதையும், எதிரே நடிப்பவர் தடுமாறுவதையும் எடுத்துச் சொல்லுங்கள். நகர்வு, ஒளி, ஒலிக் குறிப்புகள் அனைத்தையும் உங்கள் பிரதியில் பென்சிலால் எழுதி வைத்திருந்தால், அதைக் காட்டியே பேசலாம், மனவருத்தம் குறையும். நடிப்பின் தரத்தைப் பற்றி மட்டும் நீங்கள் பேச வேண்டாம், அது இயக்குநரின் பொறுப்பு.

பதில் (கோலாலம்பூர்):
தாமதத்தின் காரணத்தை முதலில் கேளுங்கள். வேலை முடிந்து கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் வருபவர் என்றால், அவர் இல்லாத காட்சிகளை முதலில் ஒத்திகை பார்ப்பதே நியாயம். நிகழ்ச்சி நாளில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பிரிட்டிஷ் அரங்க மரபில் 'அரைமணி' அழைப்பு திரை உயர்வதற்கு 35 நிமிடங்களுக்கு முன்பே விடுக்கப்படுகிறது; அதற்குள் ஐயா உட்பட அனைவரும் வந்து கையெழுத்திட வேண்டும் என்பதை முதல் ஒத்திகையிலேயே அறிவித்துவிடுங்கள்.