மறு: "சிசி சலூன்" - தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். தன் படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டி அனுமதி தர உதவும் உரிமங்கள்தான் கிரியேட்டிவ் காமன்ஸ், சுருக்கமாகச் சிசி. அப்படிப்பட்ட படைப்புகளைக் காட்டிப் பேசக் கூடும் நிகழ்ச்சி சிசி சலூன். அதற்குத் தமிழ்ப் பெயராக இங்கே வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> "மறுகலவை அரங்கு" (பிறர் படைப்பை மாற்றிக் கலந்து புதிதாக்கும் இடம்) என்று பெயர் வைத்தால் என்ன? அங்கே நடப்பதே அதுதானே.

அது மட்டும் நடப்பதில்லை. கிரியேட்டிவ் காமன்சின் ஆறு உரிமங்களில் இரண்டு, படைப்பை அப்படியே படியெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியமைத்து வெளியிடக் கூடாது என்பவை. அப்படி உரிமம் போட்ட குறும்படக்காரரும் அங்கே வந்து படத்தைத் திரையிடலாமே, பெயரிலேயே அவரை ஏன் வெளியே நிறுத்த வேண்டும்?

சலூன் என்றே இருக்கட்டும் என்பவர்களுக்கு: "ஞாயிறு மாலை சலூனுக்கு வாருங்கள்" என்று நம் ஊரில் சுவரொட்டி ஒட்டிப் பாருங்கள், முடிவெட்ட ஆள் வரும். பாரிஸில் வசதியான வீட்டுப் பெண்கள் எழுத்தாளர்களைத் தங்கள் வரவேற்பறையில் கூட்டிப் பேசவைத்தார்கள், அந்த அறையின் பெயர்தான் இது. சிசி சலூன் 2006இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி டொராண்டோ, பெர்லின் என்று போனது. ஒருவர் தன் பாட்டைப் போட்டுக் காட்டுவார், இன்னொருவர் உரிமம் பற்றி ஏதாவது பேசுவார், அப்புறம் அரட்டை.

> "அவை" நல்ல பழஞ்சொல்.

நல்ல சொல்தான். ஆனால் அவை என்றால் புலவர் பணிந்து நின்று ஒப்புதல் வாங்கும் இடம், அதற்கென்றே அவையடக்கம் பாடிவைத்தார்கள். இங்கே யாரும் யாரிடமும் ஒப்புதல் கேட்பதில்லை. படைத்தவர் உரிமத்தை முன்பே போட்டுவிட்டார், எடுப்பவர் அதில் உள்ளபடி நடந்தால் சரி (பெயரைக் குறிப்பிடுவது ஆறுக்கும் பொது).

என் பரிந்துரை *பகிர்வரங்கு*. கருத்தரங்கு, கவியரங்கு, பயிலரங்கு வரிசையில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், யாருக்கும் விளக்க வேண்டாம். ஒரு குறை உண்டு: வாட்ஸ்அப் வந்த பிறகு "பகிர்" என்றால் எவரோ எடுத்த படத்தை எவர் பெயரும் இல்லாமல் தள்ளிவிடுவது என்றாகிவிட்டது. நாம் சொல்வது அதற்கு நேர் எதிர். ஆகவே முன்னால் "காமன்ஸ்" என்பதற்கான பொதுமத்தைச் சேர்த்துப் *பொதுமப் பகிர்வரங்கு* எனலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் கிரியேட்டிவ் காமன்சுக்குப் "படைப்பாக்கப் பொதுமங்கள்" ஏற்கெனவே புழங்குவதுதான். தயவுசெய்து "பொதும அரங்கு" என்று சுருக்காதீர்கள், பேரூராட்சிக் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது.

மனதளவில் எனக்குப் பிடித்தது "களரி". மட்டக்களப்புக் கூத்தின் வட்டக்களரியில் (வட்டமான ஆடுகளம்) சுற்றிவரப் பார்வையாளர்கள்தான், முன்வரிசை பின்மேடை என்ற பிரிவே கிடையாது. தமிழ்நாட்டில் அதைச் சொன்னால் கேரளத்துச் சண்டைக்கலை நினைவுக்கு வரும் என்றுதான் விட்டேன். ஈழத்து நண்பர்கள் அதற்காக வாதாடினால் நான் கட்சி மாறத் தயார்.

விக்சனரியில் (இணைய அகராதி) ஏற்றுவதற்கு முன் மறுப்பு இருந்தால் சொல்லிவிடுங்கள்.