உதவி: புது டயர், கடைசி ஒரு சாண் மட்டும் ரிம்முக்குள்ள இறங்க மாட்டேங்குது

தில்லைநகர்_மிதிவண்டி:

வணக்கம். நேத்து ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்தேன், பதினொன்றரைக்குக் கைவிட்டுட்டேன். கட்டைவிரல் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. எழுத்துப்பிழை இருந்தா அதுதான் காரணம்.

ஹைப்ரிட் சைக்கிள், வாங்கி அஞ்சு வருஷம் ஆகுது. பின் டயர் மொழுக்கையா தேய்ஞ்சு ஒரு இடத்துல நூல் தெரிய ஆரம்பிச்சதால, பஞ்சர் தடுக்க உள்ள பட்டை வெச்ச டயரா பார்த்து வாங்கினேன். 700 × 35சி. பழசும் அதே அளவுதான்.

ஒரு பக்க விளிம்பு ஏறிடுச்சு. டியூபை உள்ள வெச்சு, ரெண்டாவது பக்கத்தை மவுத்துகிட்ட (டியூபுக்குக் காத்தடிக்கிற வால்வு) ஆரம்பிச்சு ரெண்டு கையாலயும் தள்ளிக்கிட்டே வந்தேன். முக்கால் வட்டம் சமர்த்தா போச்சு. மவுத்துக்கு நேர் எதிர்ல ஒரு சாண் நீளம் நிக்குது பாருங்க, அது அசையவே இல்ல. பிளாஸ்டிக் லீவர் ரெண்டு உடைஞ்சது. குழம்புக் கரண்டிக் காம்பு வளைஞ்சது (வீட்டுல இன்னும் தெரியாது). கடைசியா ஸ்க்ரூடிரைவர். அதுவும் ஆகலைன்னு டியூபை வெளிய எடுத்துக் காத்தடிச்சுப் பார்த்தா, அக்கம்பக்கமா ரெண்டு ஓட்டை.

தெருமுனைக் கடைக்காரர் பார்த்துட்டு, "இது சின்ன சைஸ் சார், திருப்பிக் குடுத்துடுங்க"ன்னுட்டார். உண்மையிலேயே சின்னதா? திங்கட்கிழமை ஆபீசுக்கு வண்டி வேணும்.

இரட்டைமிதி:

அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க சகோ. டயர்ல பெரிசா போட்டிருக்கிற 700-ஐ மறந்துடுங்க. பக்கத்துலயே பொடி எழுத்துல, நடுவுல ஒரு கோடு போட்டு ரெண்டு எண் இருக்கும். முதல் எண் அகலம். ரெண்டாவது, டயர் விளிம்பு ரிம்முல உட்கார்ற இடத்தோட விட்டம், மில்லிமீட்டர்ல. ரிம்முலயும் அந்த ரெண்டாவது எண் அப்படியே இருக்கணும். 700சி-ன்னா 622. நம்ம ஊர் பெரிய சைக்கிள் 28 × 1½ டயருக்கு 635. அந்த ரிம்முல 622 டயரை மாட்ட எந்த பயில்வானாலயும் ஆகாது.

தில்லைநகர்_மிதிவண்டி:

டார்ச் அடிச்சுப் பார்த்தேன். டயர்ல 37-622. ரிம்முல 622 × 19. அப்ப சைஸ் சரிதானே? கடைக்காரர் ஏன் அப்படிச் சொன்னார்?

பழைய_கடைக்காரன்:

தம்பி, சைஸ் சரி. கடைக்காரர் மேலயும் ரொம்பக் குத்தம் இல்ல. கும்பகோணத்துல இருபத்தஞ்சு வருஷம் கடை வெச்சிருந்தவன் சொல்றேன், "26 டயர் ஒண்ணு குடுங்க"ன்னு யாராவது வந்தா எனக்கு வயித்தைக் கலக்கும். 26 × 1⅜-ன்னா 590. 26 × 1½-ன்னா 584. 26 × 1.75-ன்னா 559. மூணுக்கும் பேர் 26, ஒண்ணு போடுற ரிம்முல இன்னொண்ணு சேராது. அப்படிப் பழகினவங்க, ஏறலைன்னா முதல்ல சைஸ் மேலதான் சந்தேகப்படுவாங்க.

உங்க விஷயத்துல தப்பு ஆரம்பிச்ச இடம். மவுத்துகிட்ட ஆரம்பிச்சு எதிர்ப்பக்கம் முடிச்சீங்க. அதைத் தலைகீழாப் பண்ணணும்.

காரணம் சொல்றேன். டயரைக் கழட்டிட்டு ரிம்மைப் பாருங்க. ரெண்டு ஓரத்துலயும் டயர் உட்கார ஒரு படி, நடுவுல ஒரு பள்ளம். டயர் விளிம்புக்குள்ள ஓடுற கம்பி ரப்பர் மாதிரி நீளாது. எவ்வளவு இழுத்தாலும் அதே அளவுதான். அப்ப ரிம் உதட்டைத் தாண்டத் தேவையான தொய்வு எங்கேருந்து வரும்? பள்ளத்துலேருந்துதான். பள்ளம் படியைவிட 3 மி.மீ. ஆழம்னு வெச்சுக்குங்க. விட்டத்துல 6 மி.மீ. குறையும், சுற்றளவுல கிட்டத்தட்ட 19 மி.மீ. முக்கால் அங்குலம்! கடைசி சாண் வெளிய நிக்கிறதால அது முழுசா கைக்கு வராது, பாதிக்கு மேல வந்தாலே டயர் ஏறிடும்.

மவுத்துகிட்ட மட்டும் விளிம்பு பள்ளத்துல இறங்காது. டியூபோட தடிச்ச அடிப்பாகம் அங்க உட்கார்ந்துகிட்டு வழிவிடாது. நீங்க அங்க ஆரம்பிச்சதால, அந்த இடத்துல கம்பி மேலயே நின்னுடுச்சு. எதிர்ப்பக்கம் ஒரு சாண் இடிச்சது அதனாலதான்.

புது டியூப்ல லேசா காத்து வைங்க. வட்டமா நின்னாப் போதும், கைல அழுத்தினா அமுங்கணும். மவுத்து நட்டை முறுக்கிடாதீங்க, நுனியில சும்மா நிக்கட்டும். இல்லேன்னா டியூபைக் கீழ இழுத்துப் பிடிச்சுக்கும். மவுத்துக்கு நேர் எதிர்ல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் சமமா ஏத்திக்கிட்டே வாங்க. ஒரு ஜாண் ஏத்தினதும் நிறுத்தி, ஏறின பகுதியை ரெண்டு பக்கமும் விரலால பிசைஞ்சு நடுப்பள்ளத்துல தள்ளுங்க. மறுபடி ஏத்துங்க, மறுபடி பிசைங்க. முதல்ல மாட்டின பக்கமும் பள்ளத்துலதான் இருக்கணும், அதைப் பலரும் மறந்துடுவாங்க. கடைசிச் சாண் வரும்போது டியூப் காத்தைப் பூரா இறக்கிடுங்க. சக்கரத்தை நிறுத்தி வெச்சு, எதிர்ப்பக்கத்துலேருந்து டயரை ரெண்டு கையாலயும் அழுத்தி வழிச்சு, தொய்வை மவுத்துப் பக்கம் கொண்டுவாங்க. ஈரத்துணியைப் பிழியற மாதிரி, மூணு நாலு தடவை.

கட்டைவிரல் வேண்டாம். உள்ளங்கை அடிப்பாகத்தை வெச்சு உருட்டித் தள்ளுங்க.

வேகமணி:

இவ்வளவு எதுக்கு? சைக்கிள் கிரீஸ் கொஞ்சம் தடவினா வழுக்கிக்கிட்டு உள்ள போயிடும். நான் அப்படித்தான்.

பழைய_கடைக்காரன்:

கிரீஸ் ரப்பரைத் தின்னும். அதை விடுங்க, தம்பி சைக்கிள் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்கிற ரகமா இருந்தா, ரிம் ஓரத்துல எண்ணெய்ப் பசை பட்டா பிரேக்கே பிடிக்காது. வழுக்கல் வேணும்னா சோப்புத் தண்ணி. காய்ஞ்சதும் பிடிப்பு வந்துடும். டியூபுக்கு முகப்பவுடர்.

மாலைசவாரி:

என் பையன் வண்டி, பொண்ணு வண்டி, என்னோடதுன்னு மூணுக்கும் நானேதான் டயர் மாத்தறேன். எனக்குக் கை சின்னது, பலமும் அவ்வளவு கிடையாது. பெரியவர் சொன்னது எல்லாம் சரி, ஒண்ணு மட்டும் சேர்க்கறேன். ஒரு பக்கம் தள்ளும்போது மறுபக்கம் நழுவி வெளிய வரும், அதுதான் கோபத்தைக் கிளப்பும். பழைய டியூபை ரிப்பனா வெட்டி, ஏறி முடிஞ்ச இடம் ரெண்டுலயும் டயரையும் ரிம்மையும் சேர்த்து இறுக்கிக் கட்டிடுங்க. மூணாவது ஆள் பிடிச்ச மாதிரி இருக்கும்.

ஆனா எனக்கு வேற சந்தேகம். முன்னாடி அதே டயர் அளவு போட்டிருந்தீங்கன்னு சொல்றீங்க. ரிம் உள்பக்கம், ஸ்போக் தலை மேல ஒரு பட்டை இருக்குமே, அது என்ன ரகம்? ஒரு போட்டோ போடுங்க.

தில்லைநகர்_மிதிவண்டி:

அக்கா, போட்டோ போட்டிருக்கேன். சிரிக்காதீங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி வாரம் ஒரு பஞ்சர். ஓட்டை எல்லாம் டியூபோட உள்பக்கம், அச்சைப் பார்த்த பக்கம் இருந்தது. ஸ்போக் ஓட்டை விளிம்புதான் குத்துதுன்னு கண்டுபிடிச்சு, இருந்த ரப்பர் பட்டை மேல கரண்ட் வேலைக்குச் சுத்துற கருப்பு டேப் ரெண்டு சுத்து, அது நழுவினதும் அது மேல மருந்துக்கடைத் துணி பிளாஸ்திரி ரெண்டு சுத்து. பஞ்சர் நின்னுடுச்சு, அதனால மறந்தே போயிட்டேன். அன்னிக்குப் பழைய டயரைத் திருப்பி மாட்டும்போதும் ரொம்பக் கஷ்டப்பட்டது இப்பதான் ஞாபகம் வருது.

பழைய_கடைக்காரன்:

அடப்பாவி. பள்ளத்தையே தூர்த்துட்டீங்க.

ஒரு மி.மீ. தடிமனுக்கு மேடு ஏறினா, சுற்றளவுல 6 மி.மீ. தொய்வு போச்சு. போட்டோவைப் பார்த்தா ரப்பர் பட்டையும் சேர்த்து ரெண்டு மி.மீ.யாவது இருக்கும், 12 மி.மீ. கணக்கு. அந்த முக்கால் அங்குலத்துல மிச்சம் என்ன? எல்லாத்தையும் உரிச்சுப் போடுங்க. பிசின் பிசுபிசுப்பைத் துடைச்சுட்டு, பள்ளத்தோட அகலத்தை அளந்து, ஸ்போக் ஓட்டை மூடுற அளவுக்கு ஒட்டுற துணி ரிம் டேப் ஒரே ஒரு சுத்து. ஓரத்துப் படி மேல ஏறக்கூடாது, ஏறினா டயர் சரியா உட்காராது. மவுத்து ஓட்டைகிட்ட ஆரம்பிச்சு, அதைத் தாண்டி நாலு விரக்கடை மேல ஏறி ஒட்டணும்.

இரட்டைமிதி:

அஞ்சு வருஷமா நானும் கருப்பு டேப்தான் சுத்தியிருக்கேன். வெயில்ல பசை உருகி டியூபோட ஒட்டிக்கும். நாளைக்கே உரிக்கிறேன்.

தில்லைநகர்_மிதிவண்டி:

ஞாயித்துக்கிழமை மதியம். ஏறிடுச்சு!!

நாலு அடுக்கையும் உரிச்சப்போ, அடியில இருந்த ரப்பர் பட்டை பிஸ்கட் மாதிரி பொடிஞ்சு வந்தது. துணி டேப் ஒரு சுத்து. டயரை ஒரு மணி நேரம் மொட்டைமாடி வெயில்ல போட்டேன் (மடிச்சு வந்தது, கொஞ்சம் முறுக்கிக்கிட்டு நின்னது). அக்கா சொன்னபடி பழைய டியூப்ல ரெண்டு கட்டு. எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சு, பிசைஞ்சு பிசைஞ்சு வந்தேன். மவுத்துகிட்ட நாலு விரல் மிச்சம் இருந்தப்போ நாலு தடவை வழிச்சு, உள்ளங்கையால ஒரு உருட்டு. லீவரே தொடலை. மொத்தம் பத்து நிமிஷம். மூணரை மணி நேரம் என்ன பண்ணினேன்னு நினைச்சா அழுகையா வருது.

ஆனா காத்தடிச்சதும் சக்கரத்தைச் சுத்தினா ஒரு இடத்துல டயர் குதிக்குது. கோட்டமா?

மாலைசவாரி:

கோட்டம் இல்ல, காத்தை இறக்குங்க உடனே. டயர் ஓரத்துல, ரிம்மை ஒட்டி மெல்லிசா ஒரு கோடு சுத்தி வரும். அது ரிம்முலேருந்து எல்லா இடத்துலயும் சம உயரத்துல தெரியணும். குதிக்கிற இடத்துல அது உள்ள முங்கியிருக்கும், டயர் விளிம்பு இன்னும் பள்ளத்துலேருந்து மேல வரலைன்னு அர்த்தம். மவுத்தை ஒரு தடவை உள்ள தள்ளி விட்டு இழுங்க, டியூப் விளிம்புக்கு அடியில மாட்டியிருந்தா விலகும். சுத்திலும் டயரை ஒதுக்கிப் பாருங்க, டியூப் எங்கயும் எட்டிப் பார்க்கக் கூடாது. அப்புறம் முங்கின இடத்துல சோப்புத் தண்ணி தடவி மெதுவா அடிங்க. டயர்ல போட்டிருக்கிற உச்ச அளவைத் தாண்டாதீங்க.

தில்லைநகர்_மிதிவண்டி:

உச்சம் 70 பி.எஸ்.ஐ. போட்டிருக்கு. 60 வரும்போது 'டப்'புன்னு ஒரு சத்தம், பம்பைப் போட்டுட்டு ஓடிட்டேன். வெடிக்கலை, விளிம்பு உட்கார்ந்த சத்தம்தான். கோடு இப்ப சுத்திலும் ஒரே மாதிரி தெரியுது, குதிக்கல. 55-க்கு இறக்கி கொள்ளிடம் பாலம் வரைக்கும் போயிட்டு வந்தேன். அய்யாவுக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. வண்டி படம் கீழ.

இரட்டைமிதி:

அருமை சகோ. ஆனா படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். டயர்ல சுத்துற திசைக்கு ஒரு அம்புக்குறி இருக்கே, அது பின்னாடி பார்க்குதா, இல்ல எனக்கு அப்படித் தெரியுதா?

தில்லைநகர்_மிதிவண்டி:

…பின்னாடிதான் பார்க்குது.

பழைய_கடைக்காரன்:

தார் ரோட்டுல ஓட்டுறதுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. அடுத்த பஞ்சர் வரும்போது திருப்பிக்கலாம்.

தில்லைநகர்_மிதிவண்டி:

அதுவரைக்கும் பின்னாடியே பார்த்துக்கிட்டு வரட்டும் அய்யா. நான் இப்ப கரண்டியை நிமிர்த்தணும்.