புதுப்பிப்பு: அத்தையோட பிட்யூட்டரி கட்டி, மூக்கு வழியாவே எடுத்தாச்சு

முன்னாடி கேட்டிருந்தேன்ல, அத்தைக்கு பிட்யூட்டரில (மூளைக்கு அடியில இருக்கற ஹார்மோன் சுரப்பி) 4 செ.மீ.க்கு மேல கட்டி, மண்டையைத் திறக்கணுமா மூக்கு வழியா போதுமான்னு. எண்டோஸ்கோப் (கேமரா வெச்ச மெல்லிசு குழாய்) வெச்சு மூக்கு வழியாவே பண்ணிட்டாங்க. கட்டி கொழகொழன்னு இருந்ததால உள்ள உறிஞ்சி எடுக்க எடுக்க மேல இருந்த பாகமும் தானா கீழ இறங்கிடுச்சாம், கெட்டியா இருந்தாலோ பக்கவாட்டுல மூளைக்குள்ள ரொம்ப போயிருந்தாலோ மண்டையைத் திறக்க வேண்டி வரலாம், சிலருக்கு ரெண்டு வழியும் தேவைப்படும்னு சர்ஜன் சொன்னார்.

கேவர்னஸ் சைனஸ்ல (பிட்யூட்டரிக்குப் பக்கவாட்டுல இருக்கற ரத்தநாளப் பகுதி), மூளைக்கு ரத்தம் கொண்டு போற கரோட்டிட் ரத்தக்குழாயை ஒட்டியிருந்த துண்டை வேணும்னேதான் விட்டிருக்காங்க. எனக்கு அது சரியான முடிவாதான் படுது, வளந்தா ரேடியேஷன் இருக்கு. மூளை நீர் கசியாம இருக்க தொடையில இருந்து கொழுப்பு எடுத்து வெச்சு, மேல மூக்குச் சவ்வைப் போட்டு மூடியிருக்காங்க, அதனால இப்போதைக்கு மூக்கு சிந்தக் கூடாது, குனியக் கூடாது. ஆபரேஷன் முடிஞ்சதும் ஒண்ணுக்கு லிட்டர் லிட்டரா போச்சு, சிறுநீரைக் குறைக்கற டெஸ்மோப்ரெசின் மருந்து குடுத்ததும் அடங்கிடுச்சு.

பிட்யூட்டரி சரியா வேலை செய்யாதப்போ உடம்புல குறையற கார்ட்டிசால் ஹார்மோனுக்கு பதிலா குடுக்கற ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேக்காம நிறுத்திடாதீங்க, காய்ச்சல் வந்தா டோஸ் ஏத்தணும், இதே ஆபரேஷன் ஆனவங்க வீட்ல எல்லாரும் தயவுசெஞ்சு தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

முன்னாடி கட்டி பார்வை நரம்பை அழுத்தினதால அத்தைக்கு பார்வையில ரெண்டு ஓரமும் தெரியாம கதவு நிலையில இடிச்சுக்கிட்டே இருந்தாங்க, இப்ப பக்கவாட்டுல யார் வந்தாலும் தெரியுது. அடுத்த எம்ஆர்ஐ 3 மாசம் கழிச்சு.