ஸ்கேபியஸ் பூச்செடி வளர்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டுப் பின்புறம் முழுக்கக் களிமண். முதல் வருஷம் ஸ்கேபியஸ் நாற்றுகளை அப்படியே தரையில் நட்டேன். குளிர் கொல்லவில்லை, வேரில் தேங்கிய தண்ணீரில் அழுகிப்போயின. அடுத்த முறை பாத்தியை ஒரு அடி உயர்த்தி, கிரிட் (பொடிக்கல்) கலந்து, நாள் முழுக்க வெயில் விழும் மூலையில் வைத்தேன். மார்ச்சில் ஜன்னலோரத் தட்டில் விதைத்தது ஜூலையில் இடுப்பளவு வந்துவிட்டது. இரண்டு ரகம்: கரும் மெரூனில் ‘பிளாக் நைட்’, வெளிர் ஆப்ரிகாட்டில் ‘ஃபாட்டா மார்கானா’.

வாடிய பூ என்று நினைத்து மொட்டுகளை நறுக்கித் தள்ளியிருக்கிறேன். இரண்டும் பச்சையாகத்தான் இருக்கும். தொட்டுப் பாருங்கள்: மொட்டு தட்டை, பூத்து முடிந்தது கூம்பாக எழும்பி, சொரசொரவென்றிருக்கும். இது பிடிபட்டதும் அக்டோபர் வரை பூ வந்துகொண்டே இருந்தது. ஜாடிக்கு என்றால் ஓர இதழ்கள் விரிந்து நடு மொட்டுகள் மூடியிருக்கும்போதே வெட்டுங்கள், ஒரு வாரம் நிற்கும். தேனீயின் பங்கைப் பிடுங்குகிறோமோ என்று எனக்கு உறுத்தலாக இருந்தது. ஆனால் வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து பக்கக்கிளைகள் வருகின்றன, பூ கூடத்தான் செய்கிறது.

போன ஆகஸ்டில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். விடியலில் பூப்பறித்தே பழகியவர். கத்தரியோடு போனவர் கிசுகிசுவென்று கூப்பிட்டார்: “இங்க வந்து பாரு, செத்துக்கிடக்கா, தூங்குதா?” கருஞ்சிவப்புப் பூவைக் கட்டிக்கொண்டு ஒரு பம்பிள்பீ (ரோமம் அடர்ந்த குண்டுத் தேனீ), முதுகு ரோமமெல்லாம் பனித்துளி. ஆண் பம்பிள்பீ கூட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்புவதில்லை, பூவிலேயே இரவைக் கழிக்கும். வெயில் ஏறியதும் மெதுவாகக் காலை அசைத்து, பறந்துவிட்டது. அதன்பிறகு அம்மா ஒவ்வொரு பூவாகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வெட்டினார்.

மறுமொழி:
தம்பி, நாங்கள் கென்ட்டில். இங்கே சுண்ணாம்பு மண், சின்ன ஸ்கேபியஸ் புல்மேடுகளில் தானாகவே நிற்கும். ஒரு ஜூலையில் ஒரே பூவில் மூன்று ஆறுபுள்ளி பர்னெட் பார்த்தேன். பகலில் பறக்கும் அந்துப்பூச்சி. கருப்பு இறக்கையில் ரத்தச் சிவப்புப் பொட்டுகள். அந்த ஆசையில் வீட்டுத் தொட்டியிலும் வைத்தேன். தேனீக்கள் வந்தன, அது வரவில்லை. அதன் புழு தின்பது பேர்ட்ஸ்ஃபுட் ட்ரெஃபாயில் என்ற காட்டுச்செடியின் இலையை என்று பிறகுதான் தெரிந்தது. இந்த வருஷம் அதையும் விதைத்திருக்கிறேன்.

மறுமொழி:
நான் வளர்ப்பது ஸ்டெல்லாட்டா என்ற ஸ்கேபியஸ் வகை. பூ சுமார்தான், காய்ந்த விதை உருண்டை காகித விளக்குகளைக் கோத்தது போல அவ்வளவு அழகு. முற்ற விட்டுவிட்டேன், கை பட்டதுமே உதிர்ந்தது. பச்சை மாறத் தொடங்கும்போதே வெட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

மறுமொழி:
கென்ட் அக்கா, அந்த ட்ரெஃபாயிலை ஸ்கேபியஸ் பாத்தியின் ஓரத்திலேயே விதைக்கலாமா, இல்லை தனியாகவா? படர்ந்து இதை அமுக்கிவிடாதே?